குளத்தை வற்ற வைப்பது

முட்டைகள் ஞாயிற்றுக்கிழமை இருந்தன. அடுத்த ஞாயிறு ஒன்றுகூட இல்லை. செத்து மிதக்கவில்லை, அழுகி நாறவில்லை, கரையில் ஒதுங்கவும் இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் குளத்தின் ஓரம் சுத்தமாகக் கிடந்தது.

பூட்டுக்காரிக்கு இது பிடிபடவில்லை. தெருமுனையில் சாவி போட்டுக்கொடுக்கும் கடை அவளுடையது. அவளுக்கு வேறொரு பெயர் இருப்பதே தெருவுக்கு மறந்துபோய் வெகுநாளாகிவிட்டது. திறக்க மறுக்கிற பூட்டை அவள் திட்டமாட்டாள். உள்ளே ஏதோ ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான், அதைக் கண்டுபிடித்தால் முடிந்தது என்பாள். ஆனால் இந்தக் குளம் மூன்று மழைக்காலமாக அவளுக்குக் கைவிரித்துக்கொண்டிருந்தது. முதல் மழைக்குத் தவளைகள் வருகின்றன. கோரைத் தண்டுகளில் கெட்டியான பசைபோல் முட்டை ஒட்டுகிறது. பசைக்குள் கறுப்புப் புள்ளிகள் நெளியத் தொடங்குகின்றன. அதோடு சரி. குட்டித் தவளை ஒன்றுகூடக் கரையேறுவதில்லை.

தவளைக்கும் வயது உண்டு. கிழட்டுத் தவளைகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. கணவன் இருந்த காலத்தில் மழை விட்ட மாலைகளில் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைக்க வேண்டியிருக்கும். இந்த வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கத்தியது. அடுத்த மழைக்கும் குட்டிகள் வரவில்லையென்றால் அதற்கடுத்த மழையில் முட்டையிட ஆளிருக்காது என்று அவளுக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது.

குளம் அவள் கணவன் உண்டாக்கியது. அவன் கல் அறுப்பவன். கல் அறுக்கும் சக்கரம் சூடேறாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் கல்தூளோடு கலந்து பால்போல் வழியும். பட்டறைக்காரர்கள் அதை இவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில்தான் வருஷக்கணக்காக விட்டிருந்தார்கள். காய்ந்தால் அது சிமென்ட். புல் முளைக்காது, மழைநீர் இறங்காது, நாய்கூடப் படுக்காது. பட்டறை வேறிடத்துக்குப் போனபின் அவன் மாலைதோறும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கி அந்தத் தோலை உரித்தான். பகலில் வேலையிடத்தில் கல்தூள், மாலையில் வீட்டில் கல்தூள். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வான். உரித்து முடித்ததும் எங்கோ தூர்வாரிய குளத்தின் அடிச்சேற்றைக் கொண்டுவந்து பரப்பினான். சேற்றுக்குள் விதைகள் தூங்கிக்கொண்டிருந்தன. கோரை தானாக வந்தது. கோரை வந்ததும் தட்டான் வந்தது. தவளைகள் எந்த வழியாக வந்தன என்று யாருக்கும் தெரியாது.

யாரும் அவனை இதைச் செய்யச் சொல்லவில்லை. செய்தபின் யாரும் பாராட்டவும் இல்லை. பேசாமல் நீங்கள் ஒரு தவளையைக் கட்டியிருக்கலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த நாட்களில் எல்லாமே இருமலில்தான் முடிந்தது.

தெருவுக்கு அந்தக் குளம் ஒரு நகைச்சுவை. ஏனென்றால் கோடை நடுவில் அது சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வற்றிவிடும். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, உன் வீட்டுக்காரர் வெட்டியது குளமா சல்லடையா என்று அவளிடம் கேட்பார். கணவனின் தம்பி இன்னும் ஒருபடி மேலே. அவன் மாடி அறையில் குடியிருந்தான். கடைவீதியில் வண்ணமீன் கடை வைத்திருந்தான். தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்தது, துடுப்பு கிழிந்தது, நிறம் வெளுத்தது, யாரும் வாங்காதது எல்லாவற்றையும் வருஷாவருஷம் அந்தக் குளத்தில் கொண்டுவந்து விடுவான். மழைக்காலத்தில் வேண்டாம், வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும், மழை முடியட்டும் என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வான், தம்பியும் கேட்டுக்கொள்வான். கோடை வரும். குளம் வற்றும். மீன் சாகும். அண்ணனுக்குக் கல் அறுக்கத் தெரியும், தண்ணீர் நிறுத்தத் தெரியாது என்று தம்பி வாசலில் நின்று பொருமுவான். அண்ணன் ஆமாம் என்பதுபோல் தலையாட்டுவான்.

அண்ணன் செத்தது ஒரு கோடையின் தொடக்கத்தில். அந்தக் கோடையில் கொழுந்தன் மாடித் தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்துக் குளத்தில் விட்டான். வெயில் காலம் முழுக்கத் தண்ணீர் குறையவிடவில்லை. அண்ணன் பெயர் சொல்ல ஒரு குளமாவது நிற்கட்டும் என்றான். அதில் நல்ல மீன்களாகவே விட்டான். தங்க நிறத்தில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்த ஒன்று இருந்தது. அதற்குப் ‘பெரியவர்’ என்று பட்டம். தினமும் காலையில் அவன் கரையில் குந்தித் தீனி போடுவான். பெரியவர் வந்து விரலை உறிஞ்சும். அண்ணன் செத்தபின் அவன் முகத்தில் ஏதாவது அசைந்தது என்றால் அது அந்த நேரத்தில் மட்டும்தான். பூட்டுக்காரி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அவள் குரலுக்குப் பதில் சொல்ல மிச்சமிருந்த ஒரே குரல் அவனுடையது.

ஆக, குளம் முன்னைவிட நன்றாக இருந்தது. தண்ணீர் நிறைய, தெளிவாக, கோரை பச்சையாக. தவளைக்கு மட்டும் என்ன கேடு?

அடுத்த கனமழைக்குப் பிறகு மிச்சத் தவளைகள் மறுபடி முட்டையிட்டன. பூட்டுக்காரி இந்த முறை வேடிக்கை பார்க்கவில்லை. பூட்டில் எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். முட்டையை மூன்று பங்காக்கினாள். ஒரு பங்கை அதே குளத்துத் தண்ணீரோடு வாளியில் போட்டுத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். இன்னொரு பங்கை ஜன்னல் வலையில் தைத்த கூண்டுக்குள் போட்டுக் குளத்திலேயே முக்கிவைத்தாள். மூன்றாவது பங்கை அது இருந்த தண்டிலேயே விட்டாள். வாளியில் பொரித்தன. தண்ணீரில் விஷமில்லை. கூண்டுக்குள்ளும் பொரித்தன. குளத்தின் சூடு, சேறு, வெளிச்சம் எதிலும் குற்றமில்லை. தண்டில் விட்டது மட்டும் காணாமல் போனது. அப்படியானால் குற்றவாளி குளத்துக்குள் நடமாடுகிற ஏதோ ஒன்று. வலைக் கண்ணைவிடப் பெரியது.

மறுநாள் விடிந்ததும் போய்க் கரையில் அசையாமல் உட்கார்ந்தாள். கூண்டைச் சுற்றி மீன்கள் வட்டமாக நின்றன. தையல் ஊசி அளவுள்ளதிலிருந்து பெரியவர் வரை, எல்லாம் வாயை வலையில் வைத்து, திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கொழுந்தனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். தான் போடும் தீனியைத் தின்றே வயிறு ஊதிக் கிடக்கிற ஜீவன்கள் அவை, கொசுப்புழுவைத் தவிர வேறெதையும் சீண்டாது, பாவம் என்றான். தன்னைவிட மீனைப் பற்றித் தெரிந்தவர் இந்த ஊரில் யார் என்றும் கேட்டான். நியாயமான கேள்விதான். அவள் அவனைக் கரைக்குக் கூட்டிப்போய், கூண்டின் தையலைப் பிரித்துக் கவிழ்த்தாள்.

தலைப்பிரட்டைகள் கறுப்பாக வெளியே கொட்டின. ஓடவில்லை. இதில்தான் விஷயமே இருக்கிறது. எப்போதும் தண்ணீர் நிற்கிற ஏரியில் பிறக்கும் தலைப்பிரட்டைகள் மீன் வாசனை பட்டதும் சேற்றுக்குள் பதுங்கும்; சிலவற்றுக்குத் தோலிலேயே கசப்பு உண்டு. வருஷாவருஷம் வற்றுகிற பள்ளத்தில் பிறப்பதற்கு இது எதுவும் கிடையாது. மீனையே பார்க்காத பரம்பரை அது. தண்ணீர் வற்றுமுன் தின்று வளர்ந்து கரையேற வேண்டும் என்கிற ஒரே அவசரம்தான் அதற்குத் தெரியும். ஆகவே அவை இருந்த இடத்திலேயே நின்று பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தன. மீன்கள் வந்து ஒவ்வொன்றாக உறிஞ்சின. பக்கத்தில் இருப்பதை விழுங்கும்போதுகூட அடுத்தது நகரவில்லை. பெரியவர் இரண்டு தரம் வந்து போனது.

“அண்ணி, போதும், மூடுங்க,” என்றான் கொழுந்தன்.

மூட என்ன இருக்கிறது. கூண்டில் காப்பாற்றி வைத்திருந்த அத்தனையையும் அவனுக்குக் காட்டுவதற்காகவே அவள் செலவழித்துவிட்டாள். வாளியில் இருந்தவை கால் முளைக்கும்வரை வந்தன. இடம் போதாமல் ஒன்றின் காலை ஒன்று கடித்துத் தின்று, கடைசியில் மிஞ்சியதும் தண்ணீர் கெட்டுச் செத்தது. வாளியை நம்பி ஒரு இனத்தை வளர்க்க முடியாது.

அவன் வலை போட்டான், அரைமனதாக. விலையுயர்ந்தவற்றில் சில கடைக்குத் திரும்பின. ஆனால் சின்ன மீன்கள் முட்டையிடும் வகை அல்ல, குட்டி போடுபவை. சினையாக ஒரே ஒரு பெட்டை சேற்றில் ஒளிந்து தப்பினால் போதும், ஒரு பருவத்துக்குள் குளம் மறுபடி நிறைந்துவிடும். நிறைந்தது. பெரியவரை அவன் பிடிக்கவேயில்லை; வலையைக் கண்டால் ஒளிந்துகொள்கிறது என்றான்.

அப்போதுதான் கண்டக்டர் மதில்மேலிருந்து சொன்னார். “உன் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்தத் தொல்லை இல்லையேம்மா. அவர் குளந்தான் கோடையில நாக்கு வறண்டு போயிடுமே. மீன் எங்க பிழைக்கும்?”

கேலியாகச் சொன்னதுதான். ஆனால் அதில் விடை இருந்தது. குளம் வற்றினால் மீன் சாகும். தவளை சாகாது, அதற்குள் குட்டிகள் கரையேறியிருக்கும், பெரியவை கல்லிடுக்கிலும் மண்ணுக்குள்ளும் போய்ப் படுத்திருக்கும். மழை வரும்போது மீனில்லாத புதுத் தண்ணீர். வற்றுவது குளத்தின் குறை இல்லை, அதுதான் குளத்தின் வேலை.

சரி, இனி ரப்பர் குழாயைப் போடாதே என்று கோடை தொடங்கியதும் அவள் கொழுந்தனிடம் சொன்னாள். அவன் முகம் கறுத்தது. போடவில்லை. தண்ணீர் ஒரு சாண் இறங்கியது, இன்னும் ஒரு சாண் இறங்கியது. அதற்குமேல் இறங்குவதே தெரியவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் தார் இளகியது. குளம் மட்டும் அசையாமல் நின்றது. சல்லடை என்று பெயரெடுத்த குளத்தில் ஓட்டையே இல்லை. கணவன் கொண்டுவந்து பரப்பிய அடிச்சேறு அவ்வளவு நல்ல களிமண்.

பூட்டுக்காரிக்கு இங்கேதான் பொறி தட்டியது. வருஷாவருஷம் திறந்துகொண்ட பூட்டு, ஓர் ஆள் போனபின் திறக்கவில்லை என்றால் அந்த ஆளிடம் சாவி இருந்திருக்கிறது.

சாவி என்று நினைத்ததும் மூடி ஞாபகம் வந்தது. குளத்தின் தாழ்ந்த மூலையில், மதிலை ஒட்டிக் கொடி படர்ந்து கிடந்த ஓர் இரும்பு மூடி. அதற்கு நல்ல பூட்டாக ஒன்று வேண்டும் என்று அவன் அவள் கடையிலேயே கேட்டு வாங்கியிருந்தான். சாக்கடையை யார் திருடப்போகிறார்கள் என்று அவள் கிண்டல் செய்தாள். அவன் சிரித்தான், இருமினான், பூட்டை வாங்கிக்கொண்டு போனான். சாவி எங்கே என்று இப்போது யாருக்குத் தெரியும். அவள் கொடியை அறுத்து, பூட்டில் எண்ணெய் விட்டு, இரண்டு கம்பிகளை நுழைத்தாள். தான் விற்ற பூட்டைத் தானே திருடிபோலத் திறந்தாள்.

உள்ளே இடுப்பளவு ஆழத்தில் செங்கல் கட்டிய தொட்டி. அது சாக்கடை இல்லை. குளத்தின் அடியிலிருந்து ஒரு குழாய் கரைக்குக் கீழாகப் புகுந்து அந்தத் தொட்டிக்குள் வந்தது. வந்த இடத்தில் ஒரு முழங்கை வளைவு. வளைவில் செருகி, செங்குத்தாக நிற்கும் இன்னொரு குழாய். அதன் வாய் குளத்தின் கரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே. தொட்டியிலிருந்து வெளியேறும் ஓட்டை மதிலுக்கு அப்பால் மழைநீர்க் கால்வாயில் திறந்தது. எளிமையான ஏற்பாடு. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். நிற்கிற குழாயின் வாயைவிடக் குளத்து நீர் தாழ்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. மழையில் அதற்குமேல் ஏறினால் வாய்வழியாக வழிந்து போய்விடும், கரை உடையாது. குழாயைப் பக்கவாட்டில் சாய்த்தால் வாய் எவ்வளவு தாழ்கிறதோ அந்த மட்டம்வரை குளம் வடியும். முழுக்கப் படுக்கவைத்தால் முழுக்கக் காலி. வால்வு இல்லை, மோட்டார் இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை. ஒரு கை இருந்தால் போதும்.

தொட்டியின் சுவரில் குழாய் உரசி உரசிக் கால்வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. ஒரு தடவையில் விழுகிற தடம் இல்லை அது.

அவள் அந்த நிற்கும் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் வலது முன்கையை நிமிர்த்தி, மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவனால் பேச முடியவில்லை. மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடி. அவன் முன்கையை நிமிர்த்தி இப்படிச் சாய்த்துக் காட்டினான். மறுபடி நிமிர்த்தினான், சாய்த்தான். படுக்க வேண்டுமாம் என்றாள் அவள். கொழுந்தனும் அப்படித்தான் புரிந்துகொண்டான். நிமிர்த்தி உட்காரவைத்திருந்த கட்டிலை இருவருமாகத் தாழ்த்திப் படுக்கவைத்தார்கள். கல்லாகிப்போன நுரையீரல்காரனை மல்லாக்கப் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று பிறகு நர்ஸ் கத்திக்கொண்டே ஓடிவந்து சொன்னாள். அவன் கண் பிதுங்கியது. மறுபடி நிமிர்த்தினார்கள். மூச்சு வந்ததும் அவன் மறுபடி அதே கையைத் தூக்கிச் சாய்த்தான். அவள் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்து, சும்மா இருங்கள், அதட்டினால்தான் கேட்பீர்களா என்றாள். அவளிடம் அவன் கடைசியாகச் சொன்னது அந்தக் கையசைவுதான். கோடை வந்துவிட்டது, குழாயைச் சாய் என்று சொல்லியிருக்கிறான்.

அவள் மூடியை மூடவில்லை. கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

அவன் எட்டிப் பார்த்தான். கடையில் தினமும் தொட்டிகளையும் குழாய்களையும் மேய்ப்பவன். விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவன் பார்வை குழாயிலிருந்து சுவரில் இருந்த தடத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

“அண்ணன் இப்படிச் செஞ்சிருக்க மாட்டான்.”

“தடம் இருக்கு தம்பி.”

“நான் குடுத்த மீனை ஒவ்வொரு வருஷமும் சிரிச்சுக்கிட்டே வாங்கி விட்டான் அண்ணி. வத்திப்போச்சுடா, என்ன பண்றதுன்னு என் தோள்ல கை போட்டான்.”

“ஆமா.”

“அத்தனையும் அவனே கொன்னானா?”

“ஆமா.”

அவன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். வேறு வழியே இல்லையா என்று கேட்டான். கம்பிவேலி, தனித்தடுப்பு, பாதிக் குளம் தவளைக்கு, பாதி மீனுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஏன் முடியாது என்று பொறுமையாகச் சொன்னாள். ஊசி அளவுக் குட்டி புகாத வலையில் நாலு நாளில் பாசி அடைத்துக்கொள்ளும். மழையில் தடுப்பு மூழ்கும். பெட்டை ஒன்று போதும். வெள்ளிக்கிழமைவரை பிடிக்க முடிந்ததைப் பிடித்துக்கொள், பிடித்ததை இங்கே திரும்ப விடாதே, வெள்ளிக்கிழமை சாய்க்கிறேன் என்றாள். அவன் வலையை எடுக்கவில்லை. அவள் சாய்க்கமாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் தொட்டிக்குள் இறங்கிக் குழாயைச் சாய்த்தாள். வழுக்கிக்கொண்டு படிந்தது, பழகிய மூட்டு. தண்ணீர் கால்வாயை நோக்கிப் பேரிரைச்சலோடு ஓடியது. குழாயின் உள்வாயில் கணவன் வலை கட்டியிருந்தான், மீன் கால்வாய்க்கும் தப்பிவிடக் கூடாது என்று. அவன் எதையும் விட்டுவைக்கவில்லை.

மதியத்துக்குள் கோரைகளின் வேர் தெரிந்தது. சாயங்காலம் நடுவில் ஒரு பாய் அளவுக்குத் தண்ணீர். மறுநாள் அதுவும் குழம்பானது. தண்ணீர் குறையக் குறைய மீன்கள் நெருக்கியடித்து, சேறு கலக்கி, மேலே வந்து காற்றை விழுங்கின. மீனின் செவுள்கள் ஈரத்தில் இதழ் இதழாக விரிந்து நிற்பவை. தண்ணீர் போனால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு சுற்றிலும் எவ்வளவு காற்று இருந்தாலும் அதற்குப் பயனில்லை. சின்னவை சீக்கிரம் போயின. பெரியவை பக்கவாட்டில் படுத்து, செவுள் மூடியைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, நாளெல்லாம் இழுத்தன. கொக்குகள் வந்தன. காக்கைகள் கண்ணை முதலில் கொத்தின. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, கருவாட்டுக் கடை எப்போது திறப்பு விழா என்றார்.

கொழுந்தன் கரையில் நின்றான். “அண்ணன் மூச்சு வாங்கினானே அண்ணி, அதே மாதிரி இருக்கு.”

“தெரியும்,” என்றாள் அவள். “நானும் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் போகவில்லை. கடைசிவரை பார்க்க வேண்டியிருந்தது. எங்கே ஈரம் மிஞ்சுகிறது என்று பார்க்காமல் எப்படித் தெரியும்?

அதனால்தான் அந்த இன்னொரு விஷயமும் தெரிந்தது. குளத்துச் சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கிய பிறகும் கொக்கு ஒன்று அக்கரைக் கோரைப் புதருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கொக்கு சும்மா நிற்காது. போய்ப் புதரை விலக்கினாள். சேற்றில் அகலமாக ஒரு குழி வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. சமையலறைக் குடத்துத் தண்ணீர். பெரியவர் அதற்குள் திரும்பக்கூட இடமில்லாமல் வளைந்து கிடந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே ஊசிகள்போல் சின்னவை.

அவள் வீட்டுக்குப் போய்க் குவளையை எடுத்துவந்தாள். கொழுந்தன் மாடிப்படியில் இறங்கி ஓடிவந்தபோது பாதி இறைத்திருந்தாள்.

“இது ஒண்ணு மட்டும். கடைத்தொட்டிக்கு அடங்காது அண்ணி, பாத்தீங்கல்ல. மழை வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்.”

“மழை வந்தா இந்தக் குழிக்கு மேலயும் தண்ணி நிக்கும் தம்பி. இது வெளிய வரும்.”

“அதுக்கு முன்னாடி எடுத்துடுவேன்.”

“வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியும் எடுக்கறதாத்தான் இருந்துச்சு.”

அவன் குவளையைப் பிடித்தான். அவள் இழுக்கவில்லை. இன்னொரு கையால் பிளாஸ்டிக்கின் ஓரத்தைப் பற்றி ஒரே உருவலாக உருவினாள். தண்ணீர் வெடிப்புகளுக்குள் போய்விட்டது. பெரியவர் புழுதியில் புரண்டு தங்க நிறம் போய்ச் சேற்று நிறமானது. அவன் விரலை அதன் வாயருகே கொண்டுபோனான். பழக்கத்தில் அது விரலை உறிஞ்சியது. வெயில் ஏறும்வரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவன் விரலை எடுக்கவில்லை, அவளும் நகரவில்லை. கொக்கு கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்தது.

அடுத்த வாரம் ஒரு சின்ன லாரி வந்தது. கட்டில், துணி மூட்டை, காலித் தொட்டிகள். கிளம்புகிற நேரத்தில் அவன் வாசலில் நின்று சொன்னான். “அண்ணனாவது எனக்குத் தெரியாம செஞ்சான். நீங்க நான் பாக்கப் பாக்கச் செஞ்சீங்க.”

தெரியாமல் செய்ததால்தான் அண்ணன் போனதும் எல்லாம் கெட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். லாரி போனபின் மாடி அறையைப் பெருக்கிப் பூட்டினாள். அதற்குப் போட்டது அவள் கடையிலேயே நல்ல பூட்டு.

மழை வந்தது. அதற்கு முன்பே அவள் குழாயை நிமிர்த்தி வைத்திருந்தாள். முதல் மாலை ஒரே ஒரு தவளை கத்தியது. எதிர்ப்பாட்டு இல்லாமல் கத்திவிட்டு நிறுத்தியது. அடுத்த மாலையும் அதுவே. அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள்; பேச ஆளில்லாத வீட்டில் அந்த ஒற்றைக் கத்தல் எரிச்சலாகக்கூட இருந்தது. மூன்றாம் மாலை எங்கிருந்தோ இன்னொன்று பதில் சொன்னது. கோரைத் தண்டில் பசை ஒட்டியது, மிகக் கொஞ்சமாக. பொரித்தவை ஓரமெல்லாம் கறுப்பாக அப்பிக்கொண்டன. தின்ன யாருமில்லாத தண்ணீரில் அவை பயமின்றிப் பாசி மேய்ந்தன. ஒரு நாள் காலை அவள் செருப்பை உதறியபோது நகம் அளவில் ஒன்று வெளியே குதித்தது. பின்னால் வால் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. முற்றம் முழுக்க அப்படிப்பட்டவை, கால் வைக்க இடமில்லாமல். அவள் தெரியாமல் சிலவற்றை மிதித்தும் விட்டாள்.

அன்று கடைக்குப் போய் அந்த இரும்பு மூடியின் பூட்டுக்கு இரண்டு சாவி போட்டாள். ஒன்றை எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் சாவியைப் புரட்டிப் பார்த்து, என்னம்மா, வீட்டையே எழுதிக் கொடுக்கிறாயா என்றார்.

“குளத்து மூடிச் சாவிண்ணே. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க செய்யணும். உங்களுக்கு முடியலன்னா யாருக்காவது சத்தமாச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க, கையைக் காட்டிட்டுப் போகாதீங்க.”

கண்டக்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மீனெல்லாம் சாகிறதைப் பார்க்கணுமா என்று மட்டும் கேட்டார்.

“பாக்கணும். குட்டித் தவளை எல்லாம் கரையேறின பிறகு, கோடை நடுவுல, குழாயை முழுசாப் படுக்க வைங்க. யாராவது மீன் விட்டிருப்பாங்க. எதையும் எடுத்து வாளில போட்டு வெக்காதீங்க, பரிதாபப்பட்டு ஒரு குழி கூட விட்டு வெக்காதீங்க. ஈரம் தெரியற இடத்துல கொக்கு நிக்கும், அங்க போய் இறைச்சு விடுங்க. சேறு காஞ்சு, வெடிப்புக்குள்ள விரல் போற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும். முதல் மழைக்கு முன்னாடி குழாயை நிமித்தி வெச்சுப் பூட்டிடுங்க. அவ்வளவுதான்.”